மருந்து அடித்தும் கரப்பொத்தான் ஏன் போகவில்லை? சின்னதுக்கு ஒரு வழி, பெரியதுக்கு வேறு வழி

கேள்வி இது: யாழ்ப்பாணம் கொக்குவில் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு. பின்பக்கம் சில வருடங்களுக்கு முன் கட்டிய குசினியும் பாத்றூமும். இரவு குசினியில் லைற் போட்டால் சின்னச் சின்னக் கரப்பொத்தான்கள் சிதறி ஓடுகின்றன. மழை நாளில் பாத்றூமுக்குள் விரல் நீளத்தில் பெரியவை வருகின்றன. ஆறு மாதமாக ஸ்பிறே அடிக்கிறார்கள், ஒருமுறை கூலிக்கு ஆள் பிடித்தும் அடித்தார்கள். இரண்டு கிழமையில் பழையபடி. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளையும் முட்டு வருத்தமுள்ள அம்மம்மாவும் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதல் வேலை, ஸ்பிறேயை இன்றைக்கே நிறுத்துவது. உங்கள் வீட்டில் இருப்பவை இரண்டு வேறு இனங்கள். சின்னது குசினிக்குள்ளேயே பிறந்து குசினிக்குள்ளேயே சாகிறது. பெரியது மலக்குழியில் பிறந்து குழாய் வழியாக வீட்டுக்குள் வருகிறது. சின்னதுக்கு ஜெல் மருந்து வேண்டும். பெரியதுக்கு மேசன் வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஸ்பிறேயை அடித்ததால்தான் ஆறு மாதமாக ஒன்றும் குறையவில்லை.

எதற்கும் ஒன்றைப் பிடித்துப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். ஒரு வெற்று ஜாம் போத்தலின் வாயின் உட்பக்கம் இரண்டு அங்குல அகலத்துக்கு வஸ்லீன் மெல்லியதாகப் பூசுங்கள். உள்ளே ஒரு துண்டுப் பாணும் கொஞ்சம் பழுத்த வாழைப்பழமும் போடுங்கள். போத்தலின் வெளிப்பக்கம் பழைய பத்திரிகைத் தாளைச் சுற்றினால் பூச்சிக்கு ஏறப் பிடி கிடைக்கும். இரவில் சுவரோடு ஒட்டி வையுங்கள். ஏறி உள்ளே விழுந்தது வஸ்லீனில் வழுக்கி வெளியே வராது.

காலையில் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். மண்ணிறத்தில், அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட (13 முதல் 16 மில்லிமீற்றர்), தலையை மூடியிருக்கும் தட்டில் பென்சிலால் இழுத்ததுபோல இரண்டு கறுப்புக் கோடுகள் இருந்தால் அது ஜேர்மன் கரப்பொத்தான். செட்டை உண்டு, ஆனால் பறக்காது. அதன் குஞ்சு கறுப்பாக, செட்டை இல்லாமல், முதுகு நடுவில் வெளிறிய ஒரு பட்டையோடு இருக்கும். இதைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ பூச்சி என்று நினைப்பவர்கள் பலர். செந்தவிட்டு நிறத்தில், 35 முதல் 40 மில்லிமீற்றர் நீளமாக, தலைத்தட்டின் ஓரம் மஞ்சள் விளிம்போடு இருந்தால் அது அமெரிக்கக் கரப்பொத்தான். ஏறத்தாழ அதே அளவில், செட்டையின் தோள்ப்பக்கம் பளிச்சென்ற மஞ்சள் கீற்று இருந்தால் அவுஸ்ரேலியக் கரப்பொத்தான். அது பூச்சாடி, சருகுக் குவியல் பக்கம் வாழ்வது, எப்போதாவது வழி தவறி உள்ளே வரும். அலுமாரி மேல், சுவரில் தொங்கும் படங்களுக்குப் பின்னால், ரீவிக்குள் என்று குசினிக்குத் தூரமான காய்ந்த இடங்களில் சின்னது கண்டால், செட்டைக்குக் குறுக்கே வெளிறிய பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அது இன்னொரு இனம், அதற்கும் ஜெல்தான். இடையிடையே தென்படும் வெள்ளைக் கரப்பொத்தான் புது இனம் அல்ல. தோல் கழற்றிய உடனே அப்படித்தான் இருக்கும், சில மணி நேரத்தில் நிறம் திரும்பிவிடும்.

எச்சத்தைக் கொண்டும் கண்டுபிடிக்கலாம். சின்னதின் எச்சம் மிளகுத்தூள் தூவியதுபோல, கீல் ஓரங்களில் கறுப்புப் புள்ளியாகப் படிந்திருக்கும். பெரியதின் எச்சம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளத்தில், நுனி மழுங்கி, நீளவாக்கில் வரி ஓடியிருக்கும். நுனி கூராக இருந்தால் சுண்டெலி. ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் பல்லி, அதற்காக மருந்து தேட வேண்டாம்.

ஜேர்மன் என்று பெயர் இருந்தாலும் அது நம் பக்கத்துப் பூச்சிதான். சுவீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயஸ் 1767இல் அந்தப் பெயரை வைத்தார். 2024இல் வெளியான மரபணு ஆய்வொன்று, ஏறத்தாழ 2,100 வருடங்களுக்கு முன் இந்தியா, மியன்மார்ப் பக்கத்தில் ஒரு ஆசியக் காட்டு இனத்திலிருந்து இது பிரிந்தது என்று காட்டியது. மனிதர் கட்டிய கட்டடத்துக்கு வெளியே இதற்கு வாழ்க்கையே இல்லை. இது உங்களுக்கு நல்ல செய்தி. தோட்டத்திலோ குழியிலோ இதற்குச் சேமிப்பு இல்லை. குசினியில் முழுதாக அழித்தால், யாராவது புதிதாகக் கொண்டுவரும்வரை அது திரும்பி வராது.

ஸ்பிறே ஏன் தோற்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் இலகு. ஜேர்மன் பெண் தன் முட்டைக் கூட்டை வயிற்று நுனியில் வைத்தபடியே மூன்று கிழமையளவு திரியும். கூடு ஏழெட்டு மில்லிமீற்றர்தான், உள்ளே 30 முதல் 40 முட்டை. பொரிப்பதற்கு ஒன்றிரண்டு நாளுக்கு முன்தான் கழற்றிவிடும். ஸ்பிறே வளர்ந்தவற்றைக் கொல்லும், கூட்டுக்குள் இறங்காது. தாய் செத்து விழுந்தாலும், முற்றிய கூடு பிறகு பொரிக்கும். நீங்கள் சொன்ன இரண்டு கிழமைக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. ஒரு பெண் தன் வாழ்நாளில் நான்கு முதல் எட்டுக் கூடு விடும். நம்முடைய சூட்டில் குஞ்சு வளர்ந்து தானே கூடு தூக்க இரண்டு மூன்று மாதம் போதும்.

இன்னொன்று, கடைகளில் விற்கும் ஸ்பிறேகளில் பெரும்பாலும் இருப்பது பைரெத்ரோயிட் வகை மருந்து. அதன் நெடி பூச்சியைக் கலைத்துச் சுவருக்குள்ளும் அடுத்த அறைக்குள்ளும் விரட்டும். ஜேர்மன் கரப்பொத்தான் இந்த வகைக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்வதில் பேர்போனது. தப்பியவைதான் இனம் பெருக்குகின்றன, அதனால் அடிக்க அடிக்க அடுத்த தலைமுறை கெட்டியாகிறது. எல்லாவற்றையும்விட, ஸ்பிறே பட்ட இடத்தில் வைத்த ஜெல்லை அவை தொடாது. ஆகவே ஜெல் வைக்க முதல், இதுவரை அடித்த பரப்புகளைச் சவர்க்காரத் தண்ணீரால் ஒருமுறை கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். புகை வரும் ரின்களும் இதே கதைதான். புகை வெளியில் நிற்கும், பூச்சி வெடிப்புக்குள் நிற்கும்.

அடுத்தது எங்கே குடியிருக்கின்றன என்று பார்ப்பது. ஒட்டுப்பொறி எட்டு வாங்குங்கள். பிறிஜுக்குப் பின், பிறிஜுக்குக் கீழ், சிங்குக்குக் கீழ், கேஸ் அடுப்பு மேசையின் பின் மூலை, சாமான் அலுமாரிக்குள் இரண்டு, குப்பை வாளிக்கு அருகில், பாத்றூம் கதவோரம். எப்போதும் சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஒட்டி வையுங்கள். இவை சுவர்க்கரை பிடித்தே ஓடும், நடுத்தரையில் வைத்த பொறி வீண். ஒவ்வொன்றின் பின்னாலும் இடமும் திகதியும் எழுதி, மூன்று இரவு விட்டு எண்ணுங்கள். குஞ்சுகள் அதிகம் விழுந்த பொறிக்கு ஒன்றிரண்டு அடிக்குள் குடியிருப்பு இருக்கும், ஏனென்றால் குஞ்சு தூரம் போகாது. எண்ணிக்கையை எழுதி வையுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கண்ணால் கண்டதை வைத்துத் தீர்மானிக்க முடியாது, இந்தக் கணக்குத்தான் சொல்லும்.

பெரும்பாலான வீடுகளில் தலைமையகம் பிறிஜ். பிளக்கைக் கழற்றிவிட்டு முன்னால் இழுங்கள். பின்பக்கம் கீழே மோட்டருக்கு மேலோ பக்கத்திலோ ஒரு பிளாஸ்ரிக் தட்டு இருக்கும். உள்ளே உருகும் பனித் தண்ணீர் குழாய் வழியாக வந்து அந்தத் தட்டில் சேர்ந்து மோட்டர்ச் சூட்டில் ஆவியாகும். சூடு, தண்ணீர், இருட்டு மூன்றும் ஒரே இடத்தில். வாங்கிய நாள்முதல் அந்தத் தட்டைக் கழுவாத வீடுகள்தான் கூட. ரோச் லைற் பிடித்தால் தட்டின் விளிம்பில் மிளகுத்தூள் மாதிரி எச்சமும், கழற்றிய தோல்களும், காலியான முட்டைக் கூடுகளும் தெரியும். தட்டைக் கழுவுங்கள். பின்மூடி, கதவு றப்பரின் மடிப்பு, கீல் மூடி எல்லாவற்றையும் பழைய பல் துலக்கும் பிறஷ்ஷால் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். மோட்டரில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும்.

பிறகு பாருங்கள்: பலகை அலுமாரியின் கீல்கள், கீல் ஆணித் துளைகள், லாச்சியின் அடிப்பக்கம், சிங்க் சுவரைத் தொடும் இடம், கேஸ் சிலிண்டரின் அடி வளையம், கிறைண்டரின் அடிமூடி, சுவர்க் கடிகாரத்தின் பின், அம்மியின் கீழ்ப்பக்கம். திருவலையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அலகு பலகையோடு சேரும் இடத்தில் காய்ந்த தேங்காய்ப்பூ அடைந்திருக்கும். ஒரு குடும்பமே அதைத் தின்று பிழைக்கும்.

சாப்பாட்டைவிடத் தண்ணீரை மறிப்பதுதான் முக்கியம். ஜேர்மன் கரப்பொத்தான் தண்ணீர் மட்டும் இருந்தால் சாப்பாடின்றி ஒரு மாதத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு கிழமை தாண்டாது. படுக்க முதல் சிங்கைத் துணியால் ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். அந்தத் துணியையும் பிழிந்து வெளியில் கொடியில் போடுங்கள். கோப்பை கவிழ்க்கும் தட்டத்தில் தண்ணீர் நிற்கக்கூடாது. மண்பானை வைத்த இடம் எந்நேரமும் கசியும், பானையைக் கம்பிக் காலில் தூக்கி வைத்தால் அடி காயும். சீனி, மா, பனங்கட்டி எல்லாம் இறுக்க மூடும் ரின்னுக்குள் போக வேண்டும். குட்டானோடு தொங்கவிட்ட பனங்கட்டி பார்க்க வடிவு, ஆனால் கரப்பொத்தானுக்கு அது சாப்பாடும் வீடும் சேர்ந்தது. ஓலைப்பெட்டி, சுளகு, கடகம் போன்றவற்றின் பின்னல் இடுக்கில் குஞ்சு ஒளிந்திருக்கும். கறுப்புப் பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, சித்திரை வெயிலில் சீமெந்துத் தரையில் நண்பகல் மூன்று மணி நேரம் வையுங்கள். 50 பாகைச் சூட்டை அவை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. முட்டி வழியும் காட்போட் பெட்டிகளை எரிக்கவோ கொடுக்கவோ செய்யுங்கள். மட்டையின் நெளிவுக்குள் குஞ்சுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இடம் இருக்கிறது.

இனி ஜெல். ஊசிக்குழாயில் வரும், 10 கிராம் முதல் 35 கிராம் வரை பல அளவில். லேபலில் மருந்தின் பெயரைப் பாருங்கள்: பிப்ரோனில் 0.05%, இமிடாகுளோப்ரிட் 2.15%, இண்டொக்சாகார்ப் 0.6% ஆகியவை வழக்கமானவை. இவை உடனே கொல்லாது, அதுதான் இவற்றின் பலம். தின்றது கூட்டுக்குத் திரும்பிப்போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் செத்த உடலையும் தின்னும் குஞ்சுகளும் சாகும். இடுக்கை விட்டே வெளியே வராத குஞ்சை வேறு எந்த மருந்தும் இப்படித் தேடிப்போய்ப் பிடிக்காது.

ஒரு பொட்டு பயறளவு, ஏறத்தாழ 0.1 கிராம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் குசினியில், தொல்லை கூடவென்றால் 50 பொட்டு, அதாவது 5 கிராம். பெரிய கட்டியாக ஐந்து இடத்தில் வைப்பதும் சின்னப் பொட்டாக ஐம்பது இடத்தில் வைப்பதும் ஒன்றல்ல. குஞ்சு அரை மீற்றர் நடந்து சாப்பாடு தேடாது, அதன் வாசலிலேயே வைக்க வேண்டும். பொறிக்கணக்கில் குஞ்சு கூடிய இடங்களில் ஒரு சாணுக்கு ஒரு பொட்டு, மற்ற இடங்களில் அங்கொன்று இங்கொன்று. கீலின் உள்மடிப்பு, ஆணித்துளை, லாச்சிக் கட்டையின் அடி, பிறிஜின் பின்மூடி ஓரம், சிங்கின் அடிவிளிம்பு. மோட்டர் மேல், அடுப்புக்கு ஒட்டிய சூடான இரும்பில், எண்ணெய்ப் பிசுக்கில், தூசியில் வைத்தால் இளகி வடியும் அல்லது ஒட்டாமல் விழும். எறும்பு ஓடும் பாதையிலும் வேண்டாம், விடிய முதல் எறும்பு தின்றுவிடும்.

இரண்டு வயதுப் பிள்ளை இருப்பதால் எல்லாப் பொட்டும் கீலுக்குள், பின்பக்கத்தில், கைக்கு எட்டாத இடுக்கில் மட்டும். பிப்ரோனில் ஜெல் என்றால் அந்த 5 கிராமுக்குள் இருக்கும் மொத்த நஞ்சு 2.5 மில்லிகிராம்தான், அதுவும் காற்றில் பரவாது. அம்மம்மாவின் மூச்சுக்கும் இதுதான் நல்லது. கையுறை போட்டு வையுங்கள், மிஞ்சிய குழாயை மூடிப் பூட்டி வையுங்கள். பிப்ரோனில் மீனுக்கும் தேனீக்கும் கொடிய நஞ்சு, அந்தக் கையுறையைக் கிணற்றடியில் கழுவாதீர்கள்.

வைத்து மூன்றாம் நாள் பாருங்கள். தின்று முடித்த இடத்தில் புதிதாக வையுங்கள். பத்தாம் நாளும், மூன்றாம் கிழமையும் அதே மாதிரி. நம்முடைய வெக்கையில் ஜெல் ஒன்றிரண்டு கிழமையில் காய்ந்து தோலாகிவிடும், காய்ந்ததைச் சுரண்டிவிட்டு மாற்ற வேண்டும். முதல் நான்கைந்து நாள் பகலிலேயே தள்ளாடித் திரிவதையும் மல்லாந்து கிடப்பதையும் பார்ப்பீர்கள். அப்போது பயந்து ஸ்பிறேயை எடுப்பதுதான் மிகப் பெரிய பிழை, மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. ஒரு மாதத்தில் பொறிக்கணக்குப் பெருமளவு விழ வேண்டும். பொரிக்க மிஞ்சிய கூடுகள் இருப்பதால் முழுதாகத் துடைத்தெடுக்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

தொடவே இல்லை என்றால் காரணம் தேடுங்கள். பழைய ஸ்பிறே படிவு, அல்லது பக்கத்திலேயே வேறு நல்ல சாப்பாடு. இரண்டும் இல்லையென்றால் மருந்தை மாற்றுங்கள். சில ஜேர்மன் கரப்பொத்தான் கூட்டங்கள் குளுக்கோசு இனிப்பையே வெறுக்கும்படி மாறியிருக்கின்றன என்பது 1993இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அவற்றின் சுவை உறுப்பு அதைக் கசப்பாக உணர்கிறது என்பதை 2013இல் விளக்கினார்கள். ஜெல்லின் இனிப்புக்கூழில் குளுக்கோசு இருந்தால் அவை விலகிப் போகும். வேறு கம்பனியின், வேறு மருந்துள்ள ஜெல் அப்போது வேலை செய்யும். எப்படியும் ஒரே ஜெல்லை வருடக்கணக்கில் பாவிக்காதீர்கள்.

போரிக் பவுடர் பாமசியில் கிடைக்கும். கரம் போட்டுக்குப் போடுவதும் ஒருகாலத்தில் இதுதான், இப்போது விற்கும் கரம் பவுடர் எல்லாம் போரிக் அல்ல, லேபலைப் பாருங்கள். மலிவு, எதிர்ப்பும் எளிதில் வளராது. குவித்துப் போடுவதால்தான் பலருக்குப் பலிப்பதில்லை. குவியலை அவை சுற்றிப் போகும். கண்ணாடியில் முகப்பவுடர் படிந்ததுபோல, தெரிந்தும் தெரியாமலும் படிய வேண்டும். காய்ந்த சோஸ் போத்தலில் கால்வாசி நிரப்பி, குலுக்கி, இடுக்குக்குள் காற்றோடு ஊதிவிடுங்கள். காலில் ஒட்டியதை நக்கி மூன்று நாள் முதல் ஒரு கிழமைக்குள் சாகும். ஈரம் பட்டால் கட்டியாகி வீணாகும், ஐப்பசி கார்த்திகையில் வெளிச்சுவர்ப் பக்கம் போட்டுப் பயனில்லை. உங்கள் வீட்டில் பிள்ளை இருப்பதால் மூடிய வெற்றிடங்களில் மட்டும்: அலுமாரி அடிப்பலகைக்குக் கீழ், கூரைப் பலகைக்கு மேல். மா, சீனி சேர்த்து உருண்டை பிடித்துத் தரையில் வைக்கவே வேண்டாம், பார்க்கப் பலகாரம் மாதிரி இருக்கும். பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழைத்து, லேபலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேப்பிலை, கராம்பு, பிரிஞ்சி இலை எல்லாம் கொஞ்சம் விலக்கும், ஒழிக்காது. நப்தலீன் உருண்டையைக் குசினியில் போடாதீர்கள், சிலவகை இரத்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே ஆபத்து. கண் முன்னால் ஓடும் ஒன்றைக் கொல்ல ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கோப்பை கழுவும் திரவம் கலந்து தெளித்தால் போதும். அதன் மூச்சுத்துளை அடைபட்டுச் சாகும்.

இனிப் பெரியவை. இவை குசினியில் குடும்பம் நடத்துவதில்லை. யாழ்ப்பாணத்தில் பொதுக் கழிவுநீர்க் குழாய் இல்லாததால் வீட்டுக்கு வீடு மலக்குழி. இருட்டும் ஈரமும் சூடும் குறையாத அந்தக் குழி அமெரிக்கக் கரப்பொத்தானுக்கு அரண்மனை. பெண் ஒவ்வொரு கூட்டிலும் 14 முதல் 16 முட்டை வைத்து ஏதாவது இருட்டு மூலையில் ஒட்டிவிட்டுப் போகும். பொரிக்க ஒன்றரை மாதமளவு, வளர ஆறு மாதம் முதல் ஒரு வருடம். மெதுவாகத்தான் பெருகும், ஆனால் நீண்ட நாள் வாழும். மாரி மழையில் நிலத்தடி நீர் ஏறிக் குழி நிரம்பும்போது எல்லாம் மேலே கிளம்பும். மழை நாளில் பாத்றூமில் தெரிகின்றன என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது.

இரவு எட்டு ஒன்பது மணிக்கு ரோச் லைற்றோடு குழி மூடியைச் சுற்றிப் பாருங்கள். மூடியின் விளிம்பு, காற்றுக் குழாய், பாத்றூம் தண்ணீர் வெளியேறும் வாய் எல்லாம் பாருங்கள். எங்கிருந்து ஏறுகின்றன என்பது பத்து நிமிடத்தில் தெரியும். வளர்ந்த அமெரிக்கக் கரப்பொத்தான் உடம்பைத் தட்டையாக்கி 3 மில்லிமீற்றர் இடைவெளிக்குள்ளால் நுழையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு அமெரிக்கச் சதக் காசின் தடிப்புப் போதும். அதற்கும் சின்ன இடைவெளியைத்தான் நீங்கள் விட்டுவைக்கலாம்.

மேசனிடம் சொல்ல வேண்டியவை. குழியின் மேல்தட்டு ஓர வெடிப்புகளை ஒன்றுக்கு மூன்று சீமெந்து மணல் சாந்தால் அடைக்க வேண்டும். பவுசர் வந்து குழி இழுக்கும்போது திறக்க வேண்டிய மூடிக்கு மட்டும் கெட்டிச் சாந்து வேண்டாம். சீமெந்து குறைந்த மென்கலவை பூசினால் பிறகு தட்டி எடுக்கலாம். காற்றுக் குழாயின் வாய்க்கு நுளம்பு வலையளவு கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பி வலையை ஓஸ் கிளிப்பால் இறுக்குங்கள். அதே வலை குழிக்குள் நுளம்பையும் மறிக்கும். நைலோன் வலை வெயிலிலும் வாயுவிலும் ஒரு வருடத்தில் பொடியும். குழாய் வாயை முழுதாக அடைப்பது கூடாது. அடைத்தால் குழியின் அமுக்கம் பாத்றூம் குழாய் வளைவில் (மேசன் இதையும் பொறி என்பார், ஒட்டுப்பொறி அல்ல) நிற்கும் தண்ணீரை இழுத்தோ தள்ளியோ வெறுமையாக்கும். பிறகு நாற்றமும் கரப்பொத்தானும் நேராக உள்ளே வரும்.

அந்தத் தண்ணீர்ப் பூட்டுத்தான் உங்கள் உண்மையான கதவு. பாத்றூம் தரைத் துளையின் மூடியைத் தூக்கி ஒரு ஈர்க்கை விட்டு அளந்து பாருங்கள். வளைவுக்குள் 50 மில்லிமீற்றர் தண்ணீர் நிற்க வேண்டும். நேராகக் குழாய் மட்டும் இருந்தால் மேசன் பொறி வைத்துத் தர வேண்டும், அதற்கு மாற்று இல்லை. வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்களுக்கென்று பூட்டி வைத்த பாத்றூம்களில் இந்தத் தண்ணீர் கோடையில் வற்றிவிடும். ஆவணியில் கதவைத் திறந்தால் தொட்டிக்குள் பெரியவை நிற்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை துளைக்குள்ளும் கக்கூஸ் கோப்பைக்குள்ளும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும்.

சிங்கிலிருந்து வாழைப் பாத்திக்குப் போகும் குழாயையும் மறக்க வேண்டாம். அதன் வெளிவாய் பெரும்பாலும் சருகுக்குள் புதைந்து கிடக்கும். சிங்கின் கீழ் வளைவுப் பொறி இருக்க வேண்டும், வெளிவாயில் வலை இருக்க வேண்டும், வாய் நிலத்துக்கு ஒரு சாண் மேலே நிற்க வேண்டும். குழாய் சுவரைத் துளைக்கும் இடத்தைச் சுற்றிச் சிலிக்கோன் அல்லது சாந்து. பின்கதவின் கீழ் றப்பர்ப் பட்டி. விறகு, பொச்சுமட்டை, பழைய கிடுகுக் குவியலைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளிக் கல் மேல் அடுக்குங்கள்.

குழிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யவே வேண்டாம். நம்முடைய நிலம் வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். குழிக்குள் ஊற்றியது கல்லுக்குள்ளால் இறங்கி உங்கள் கிணற்றுக்கோ பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கோதான் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துக்கு வாங்கி மிஞ்சிய பூச்சிமருந்தைக் குசினியிலோ குழியிலோ அடிப்பது அதைவிட மோசம். மனித உயிரைக் காப்பதற்காக மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் போன்றவற்றை 1995இலும் எண்டோசல்பானை 1998இலும் இந்த நாடு தடைசெய்தது. பயிருக்கு என்று பதிந்த மருந்துக்குப் பிள்ளை தவழும் தரையில் வேலை இல்லை. பாத்றூமைக் கழுவும் அசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றுவதும் கூடாது. கிளம்பும் குளோரீன் வாயு அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

குழிப்பக்கத்தில் மஞ்சாடி விதையைவிடச் சற்றுப் பெரிய, கறுத்த முட்டைக் கூடு கண்டால் கையிலெடுத்துப் பாருங்கள். ஒரு பக்க விளிம்பு நீளவாக்கில் பிளந்திருந்தால் குஞ்சு பொரித்துப் போய்விட்டது. பக்கவாட்டில் வட்டமாக ஒரு துளை இருந்தால் கரப்பொத்தான் முட்டையைத் தின்று வளரும் குளவி அதிலிருந்து வெளியேறியிருக்கிறது. யன்னல் கண்ணாடியில் சில நேரம் கறுப்பாக, வயிற்றைக் கொடிபோல மேலும் கீழும் ஆட்டியபடி நடக்கும் சின்னக் குளவி அதுதான். கொட்டாது. அடிக்காமல் விடுங்கள்.

கூலிக்கு ஆள் பிடிப்பதென்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த இனம் என்று பார்த்தீர்களா, என்ன மருந்து, திரும்ப எப்போது வருவீர்கள். முதல் கேள்விக்குப் பதில் இல்லாமல் தெளிகருவியோடு வருபவரை அனுப்பிவிடுங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி மருந்து பதிவாகியிருக்க வேண்டும். போத்தலில் பதிவு இலக்கத்தைப் பாருங்கள், லேபல் இல்லாத போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தால் வேண்டாம். சுவரோடு சுவர் ஒட்டிய கடை, பேக்கரி, தொடர்மாடி என்றால் பக்கத்தவரையும் சேர்த்து ஒரே கிழமையில் செய்யாவிட்டால் காசு வீண்.

அம்மம்மாவுக்காக இன்னொரு வேலை. முட்டு வருத்தத்தைத் தூண்டுவது உயிருள்ள பூச்சியைவிட அதன் எச்சமும் கழற்றிய தோலும் செத்த உடலும் பொடிந்த தூசி. பூச்சி செத்த பிறகும் மாதக்கணக்கில் அது வீட்டில் கிடக்கும். ஆகவே காய்ந்த தும்புத்தடியால் கூட்டாதீர்கள், தூசி எழும்பும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பொலித்தீனில் கட்டி எறியுங்கள். துடைப்பவர் முகக்கவசம் போட வேண்டும். ஜெல் வைத்த இடுக்கை மட்டும் விட்டுவிட்டு அலுமாரி உட்பக்கம், பிறிஜ் பின்பக்கம், சுவரோரம் எல்லாவற்றையும் முதல் மாதம் கிழமைக்கு ஒருமுறை இப்படித் துடையுங்கள். அந்த நேரம் அம்மம்மா முன்விறாந்தையில் இருக்கட்டும்.

பொறியில் எண்ணிக்கை சைபருக்கு வந்து இரண்டு மாதம் நின்றால் ஜேர்மன் இனம் வீட்டை விட்டுப் போய்விட்டது. அதன்பிறகு அது வருவதென்றால் யாராவது கொண்டுவந்துதான் வரும்: பாவித்த பிறிஜ், கொழும்பிலிருந்து லொறியில் வரும் பலசரக்குப் பெட்டி, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பார்சல். பெட்டியை முற்றத்திலேயே பிரித்து, சாமானை உதறி உள்ளே எடுத்து, மட்டையை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பாவித்த பிறிஜ் வாங்கினால் பின்மூடியைக் கழற்றிப் பார்த்த பிறகே படியேற்றுங்கள். பிறிஜுக்குக் கீழ் ஒன்று, சிங்குக்குக் கீழ் ஒன்று, பாத்றூம் கதவோரம் ஒன்று என்று மூன்று ஒட்டுப்பொறி எப்போதும் கிடக்கட்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பிறிஜுக்குக் கீழுள்ளதில் முதுகில் வெளிறிய பட்டையோடு ஒரேயொரு கறுப்புக் குஞ்சு ஒட்டியிருந்தாலும் அன்றிரவே அந்த இடத்தைச் சுற்றிப் பத்துப் பொட்டு வையுங்கள்.